எழுதிக்கொண்டு போன கிணறு

சாலவாக்கம்
12-5-1963

அன்புள்ள மகன் ஏசுதாஸுக்கு அம்மா மார்த்தாள் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் நைனாவும் தங்கச்சி சாராளும் சுகமாக இருக்கிறோம், பூனாவில் நீயும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். உன் கடிதம் வந்தது. காலனியில் கிணறு எப்போது வெட்டினார்கள் என்று சந்தோஷமாகக் கேட்டிருக்கிறாய். எந்தக் கிணறு? போன மாசம் நோட்டும் பென்சிலுமாக வந்த கால்சட்டைக்காரப் பையன் உன்னோடு படிக்கிறவன் என்று இப்போதுதான் தெரிகிறது. நீயே அனுப்பினாயோ என்றுகூட எனக்குச் சந்தேகம். அவன் முகம் நல்ல முகம்தான், கேட்டதுதான் ஒன்றும் சரியில்லை. உங்கள் ஜனம் எந்தெந்த ஊரில், பெண் எங்கே கொடுப்பீர்கள், என்ன நகை போடுவீர்கள், வயசுக்கு வந்த பெண் உண்டா. ஓட்டுக் கேட்க வருகிறவன் இதைக் கேட்பானா, அம்மை குத்த வருகிறவன் கேட்பானா? உன் நைனா என்னைத் தனியே கூப்பிட்டு, "பொண்ணு கேக்கத்தான் வந்துகீறான், பாத்துப் பேசு" என்றார். நான் சாராளை உள்ளே போய்த் தலை வாரச் சொன்னேன்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள், நான் மூன்றுதான் சொன்னேன். கறவை மாடு உண்டு என்றேன், மூன்று வேளையும் நெல்லுச்சோறு என்றேன், தண்ணீருக்கு எங்கே போவீர்கள் என்றதும் பின்னால் கிணறு இருக்கிறது என்றேன். என்னை நம்பாமல் அவன் பக்கத்து வீடுகளிலும் போய்க் கேட்டான். பெண் வீட்டை விசாரிக்க வந்தவனிடம் நம் தெருவில் யார் காட்டிக்கொடுப்பார்கள்? எதிர்வீட்டுச் சிட்டம்மாள், "கெணறு ஒண்ணா, ரெண்டு கீது, கோடையிலயும் வத்தாது" என்று அடித்துவிட்டாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். வெயிலுக்குப் பயந்து அவனும் எட்டிப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டான். பல பேரைத் தனித்தனியாகக் கேட்டு எல்லோரும் ஒன்றே சொன்னால் அது நிஜம், ஆகவே சமூகவியலும் விஞ்ஞானம்தான் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் விஞ்ஞானப்படி நமக்கு இரண்டு கிணறு. சாராள் மட்டும் இன்னும் ஏரிக்குள் ஊற்றுத் தோண்டித்தான் குடம் நிரப்புகிறாள்.

சிரித்துவிட்டு விடலாம், ஆனால் அந்த விவரம் சர்க்காருக்குப் போகும் என்கிறாயே. காலனிக்குக் கிணறு கேட்டு நைனா உத்திரமேரூர் பிளாக் ஆபீசுக்கு நடையாய் நடக்கிறார். உங்களுக்குத்தான் இருக்கிறதே என்று அவர்கள் சொல்லிவிட்டால் தெருவில் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? அது போவதற்குள் அவன் நோட்டில் கிணற்றை அடித்துவிடச் சொல். மண்ணைச் சோதித்தால் மண்ணுக்கு வெட்கமில்லை, வந்தவன் சம்பந்தியா சர்க்காரா என்று அது பார்ப்பதில்லை. மனுஷர் நாம் அதைப் பார்க்கிறோம். அதற்கும் உன் படிப்பில் வழி இருந்தால் அதை விஞ்ஞானம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

வெயிலில் அலையாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டு எழுது. கர்த்தருடைய கை உன் தலைமேல் இருக்கட்டும். லீவு விட்டதும் வந்துவிடு. மேலே சுகம் என்று எழுதியிருக்கிறேன், அதையும் நீ நோட்டில் எழுதிக்கொள்ளாதே. நைனாவுக்கு இருமல் நிற்கவில்லை. யாரையும் அனுப்பிக் கேட்காதே, நீயே வந்து பார்.

இப்படிக்கு
உன் அம்மா
சி. மார்த்தாள்