இடது தோள் இறங்கிய சட்டை

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன்.

சந்தையில் நீயும் உன் கூட்டாளிகளும் சீமைத் துணியைக் கொளுத்தியபோது நம் கடைக்குத் தைக்க வந்த துணியையும் நீயே தூக்கிப் போட்டாயே, அதோடு நீ சிறைக்குப் போனாய், அப்பாவிடம் தைக்கக் கொடுப்பவர்களும் நின்றுவிட்டார்கள். போன மாதம் வெள்ளைக்கார சர்க்கார் வேலைதான் வந்தது. கைதிகளுக்குச் சட்டை. ஆள் வைக்கக் கட்டாது என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். பித்தான் நான்தான் தைக்கிறேன்.

துணி கொண்டுவந்த குத்தகைக்காரர், "என்ன டெய்லரே, மகனுக்கும் சேர்த்துத்தான் தைக்கிறீங்களா?" என்று சிரித்தார்.

"எனக்கு மகனே இல்லைங்க. துணியை வெச்சிட்டுப் போங்க," என்றார் அப்பா.

எல்லாச் சட்டையும் ஒரே அளவு. காகித மாதிரியை வைத்துத்தான் வெட்டுவார். நேற்று ஒன்றை மட்டும் மாதிரி இல்லாமல் வெட்டினார். பித்தான் வைக்க எடுத்தால் இடது தோள் இறங்கியிருந்தது, மரத்திலிருந்து விழுந்த பிறகு உனக்கு இருப்பதைப் போலவே.

"கோணலா இருக்கேப்பா," என்றேன்.

"வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

மூக்குக்கண்ணாடியை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

இன்று மூட்டை போய்விட்டது. பல சிறைகளுக்குப் பிரித்து அனுப்புவார்களாம். உன் சட்டை வேறு யாருக்கோ போய், அந்த ஆள் தைத்தவனைத் திட்டிக்கொண்டிருக்கவும் கூடும்.

சட்டை வந்தாலும் வராவிட்டாலும், வந்தது என்று எழுது. அப்பாவுக்கு வேண்டாம், எனக்கு எழுது. கடையில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறேன். அவர் மிஷினை நிறுத்தமாட்டார். மெதுவாக மிதிப்பார்.

இப்படிக்கு,
அந்தச் சட்டைக்குப் பித்தான் தைத்த உன் தங்கை