வெளுத்துப்போன கன்ட்ரோல் ஸ்லைடு

இன்று காலை லேப் கதவைத் திறந்ததும் உருகிய மெழுகின் வாசனை வந்தது. திசுக்களைக் கட்டையாக வார்க்கும் அதே மெழுகு. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த வாசனை வந்தால், பக்கத்து நாற்காலியில் நீ உட்கார்ந்து திசுவை மெல்லிசாகச் சீவிக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது.

நாம் இருவரும் ஒரே மாதத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவர்கள். நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன், நீ வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டியில்.

டாக்டரம்மாவின் சிறுநீரகப் புற்றுநோய் ஆய்வு நினைவிருக்கிறதா? கட்டி தன் பக்கம் ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்ள ஒரு வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கிறது. அறுத்தெடுத்த திசுவில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தே கட்டியின் முரட்டுத்தனத்தைச் சொல்லிவிட முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிய திசுவைச் சூடாக்கிச் சாயமேற்றினால் புரதம் உள்ள இடம் பழுப்பாகும். அந்தப் புரதம் நிச்சயமாக இருக்கும் வேறொரு திசுவையும் ஒவ்வொரு முறையும் கூடவே வைப்போம். அதுதான் கன்ட்ரோல். அது பழுப்பேறினால்தான் மற்றதை நம்பலாம்.

கடைசியாகச் சாயமேற்றிய ஸ்லைடு வரிசையில் முரட்டுக் கட்டிகள்கூடப் பழுப்பேறவில்லை. டாக்டரம்மா அதை அப்படியே எழுதி மாநாட்டுக்கு அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து, ஸ்லைடுகளை அடுக்கிக்கொண்டிருந்த நீ என்னைக் கூப்பிட்டாய்.

"இங்க வந்து பாருடி. கன்ட்ரோலே வெளுத்துக் கெடக்குது."

பதிவேட்டில் 'கன்ட்ரோல் சரி' என்று டிக் அடித்தவள் நான். பார்க்காமலே அடித்திருந்தேன்.

"அன்னிக்கு பாப்பாவுக்கு ஜுரம்னு ஸ்கூல்லேருந்து போன் வந்துச்சில்ல? அவசரத்துல ஸ்லைடுங்கள சீக்கிரமே எடுத்துட்டேன். சூடு கம்மியாயிடுச்சு" என்றாய்.

"விடுடி. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். இதை எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

நீ கோபப்படவில்லை. "நமக்குத் தெரியுதே. நாளைக்கு இத நம்பி ஒருத்தர்கிட்ட உங்களுக்குப் பயமில்லனு சொல்லிட்டாங்கன்னா?" என்றபடி எழுந்து டாக்டரம்மா அறைக்குப் போனாய். நான் பின்னாலேயே வந்தேன்.

"மூணு மாச வேலைம்மா. அனுப்பினப்புறம் வந்து சொல்றீங்க" என்றார் அவர்.

"தப்பு என்னுதுங்க மேடம். அந்த ரிசல்ட்ட நம்பாதீங்க."

என் டிக்கைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பாக்காம டிக் அடிச்சது நான்தாங்க மேடம்" என்றேன். நீ ஒருமுறை திரும்பிப் பார்த்தாய். டாக்டரம்மா, "மெழுகுக் கட்டைங்கள்ல திசு மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பச் செய்தோம். அன்று பௌர்ணமி. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தில் நுழைந்து நான் வந்து சேர்வதற்குள் நீ எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாய். சூடு ஏறி முடியும்வரை அந்த இடத்தைவிட்டு நீ நகரவே இல்லை. இந்த முறை கன்ட்ரோல் நல்ல பழுப்பு. முரட்டுக் கட்டிகளில் பலவும் பழுப்புதான். டாக்டரம்மா மாநாட்டுக்கு அனுப்பியதைத் திரும்பப் பெற்று, முதலிலிருந்து எழுதினார்.

அந்தக் கட்டுரை அச்சில் வருவதற்குள் நீ போய்விட்டாய். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் உன் பெயர் முதலில் இருந்தது. அதை உன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். உன் வீட்டுக்காரர், "இன்னொரு தபா படிங்கம்மா" என்றார். உன் மகள் அந்த வரியைப் போனில் படமெடுத்துக்கொண்டாள். நடந்ததையெல்லாம் அவர்களிடம் சொன்னேன், என் டிக்கையும் சேர்த்து. உன்னைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு அழுகை வரவில்லை. பெருமையாக இருந்தது.

போன வாரம் ஒரு வரிசையில் சாயம் சரியாக ஏறவில்லை. ரிப்போர்ட்டுக்காக ஆட்கள் வெளியே காத்திருந்தார்கள். நான் நேராக டாக்டரம்மாவிடம் போய், "இது செல்லாதுங்க மேடம், திரும்பப் பண்ணணும்" என்றேன்.