பதினேழாம் வண்டியின் பதில்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்களும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், அந்தச் சுரங்கத்துக் கேன்டீனைத் திட்டிக்கொண்டு தெம்பாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று ஒரே அடம். இதோடு மடித்து வைத்திருக்கிறேன், குப்பை என்று போட்டுவிடாதீர்கள்.

நம் ஆம்புலன்ஸ் ஆபீஸில் ஒரு வினோதம் நடந்தது. பதினேழாம் வண்டி டிரைவர் அண்ணனை ஒரு வாரமாக வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டயாலிசிஸ் முடிந்த ஒரு அம்மாவை அழைத்துவர அவரை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன். என் மேஜையில் பச்சை விளக்கு எரிந்தது, கிளம்பிவிட்டார் என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்த அம்மா இரண்டு மணி நேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். அண்ணனோ, பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் வண்டியிலேயே இருந்தேன், வயர்லெஸ் செட்டில் மணியே அடிக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறார்.

யார் நம்புவார்கள்? எல்லா வண்டிக்கும் ஒரே அலைவரிசை, ஆனால் ஒவ்வொரு செட்டையும் எழுப்ப வேறு வேறு ஐந்து டோன் என்று நீங்கள்தானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். நான் பதினேழை அழுத்தினால் மற்றதெல்லாம் வாய்மூடி இருக்கும், பதினேழு மட்டும் மணியடித்து, தானாகவே ஒரு பதில் டோன் அனுப்பும். அது வந்தால்தான் பச்சை எரியும். தூங்கிவிட்டு மிஷின்மேல் பழி போடுகிறார் என்று மேனேஜர் சத்தம் போட்டார். பச்சை எரிந்ததைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்னதும் நான்தான்.

முந்தாநாள் மதியம், கைப்பழக்கத்தில் பதினேழை அழுத்திவிட்டேன். பச்சை எரிந்தது! வண்டி ஷெட்டில் நிற்கிறது, பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். பேட்டரி இல்லாத வண்டி எப்படிப் பதில் சொல்லும்? மறுபடி அழுத்தினேன், மறுபடியும் பச்சை. எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே, ஒன்று புரியாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

கையில் பிடிக்கும் செட் ஒன்றை எடுத்துக்கொண்டு, பதினேழை அழுத்தி அழுத்திக் கட்டடம் முழுக்கச் சுற்றினேன். டயர் மாற்றுகிறவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒர்க்‌ஷாப்பில் உங்கள் மேஜைக்கு மேல்தட்டில், அட்டைப்பெட்டிக்குப் பின்னால், அழுத்தும்போதெல்லாம் ஒரு சிவப்புப் பொட்டு மின்னியது. நாற்காலி போட்டு ஏறினேன். ஒரு ஸ்பேர் செட், கரண்டோடு இருந்தது, ஸ்பீக்கர் ஒயர் பிடுங்கியிருந்தது. மேலே ஒட்டிய சீட்டில், "17இன் காப்பி. நம்பர் மாற்றணும்" என்று எழுதியிருந்தது. அந்தக் கோழிக்கிறுக்கல் யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா?

கண்டுபிடித்த சந்தோஷத்தில் முதலில் சிரித்தேன். பிறகு செட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். கீழ்த்தளத்துக்கு அலை எட்டாத நேரத்தில் உங்கள் காப்பி அண்ணனுக்காகப் பதில் சொல்லியிருக்கிறது. சுரங்க வேலைக்கு டிக்கெட் வந்த அவசரத்தில் மறந்திருப்பீர்கள், வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வந்தது, உங்கள்மேலும் என்மேலும். அண்ணன் பெண்டாட்டி கடைத்தெருவில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.

நீங்கள் திரும்பி வந்தால் ஒர்க்‌ஷாப் பொறுப்பு உங்களுக்குத்தான் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதை நினைத்து ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்தச் சீட்டைக் கிழித்துவிடலாமா என்றுகூடக் கை போனது. கிழிக்கவில்லை. செட்டைச் சீட்டோடு என் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அண்ணனை விசாரிக்கிறார்கள். அந்தச் செட்டை நான் மேஜைமேல் வைப்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அது யார் கையெழுத்து என்று என் வாயால் சொல்ல வைக்காதீர்கள். உங்கள் கம்பெனி லாரி டிரைவர் சனிக்கிழமையே இந்தக் கடிதத்தை உங்களிடம் தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு போன். இந்த வாரம் அதை எங்களுக்குப் போட வேண்டாம், மேனேஜருக்குப் போடுங்கள். பாப்பா அழுவாள், நான் சமாளித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வீட்டுக்காரி