மூன்றாம் பாட்டின் நடுவில்

ஓசூர்,
ஆகஸ்ட் 1989

சின்னவனுக்கு,

நீ அனுப்பிய புதுக் கேசட் வந்து சேர்ந்தது. அறுபதுகளின் கடைசியில் வெள்ளைக்காரன் போட்ட அந்த ராக் ஆல்பம் இப்போது துல்லியமாகக் கேட்கிறது. கிடார் பின்னோக்கி அழுகிறது. கிணற்றுக்குள்ளிருந்து ஒருவன் பாடுகிறான். துளி இரைச்சல் இல்லை.

அம்மாவின் காரியத்துக்கு வந்தபோது, நான் தினமும் பழைய கேசட்டைப் போடுவதைப் பார்த்து, அப்பாவுக்கும் இந்தப் பாட்டு பிடித்துவிட்டது என்று நினைத்துவிட்டாய். நல்லதாக ஒன்று அனுப்புகிறேன் என்று சொல்லி அதை எடுத்துப் போனாய். உன்னைக் குறை சொல்லவில்லை.

அந்தப் பழைய கேசட்டை, அன்று பெங்களூர் நண்பனின் இசைத்தட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்துத்தானே பதிவு செய்தாய்? மூன்றாம் பாட்டின் நடுவில் உன் அம்மா கதவைத் திறந்தாள்.

"இன்னாடா இது பேய்க்கூச்சல்? நிறுத்து. உங்கப்பா ஷிப்ட் முடிஞ்சி வந்துட்டாரு."

பதிவு கெட்டுப்போச்சு என்று நீ இரவு சாப்பிடவே இல்லை.

நேற்று சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்ததும் உன் புதுக் கேசட்டை மறுபடி போட்டேன். மூன்றாம் பாட்டில் என் தலை தானாக அடுப்படிப் பக்கம் திரும்பியது. கிடார் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. நான் வந்துவிட்டதை யாரும் சொல்லவில்லை.

அந்தக் கெட்டுப்போன கேசட்டை அனுப்பிவிடு. அதன்மேல் வேறு ஏதாவது பதிவு செய்திருந்தால், எனக்கு எழுதாதே.

உன் அப்பா