கறுத்துப்போன தேர்வுப் பக்கம்

ஜூலை 7, திங்கள்

காலையில் துணி காயப்போட்டேன். பத்து மணிக்கு மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்து, வராமலே போய்விட்டது.

மத்தியானம் கோயம்புத்தூர் பதிப்பகத்திலிருந்து மெயில். பள்ளிப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலைக்கு என்னையும் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். வேலை வீட்டிலிருந்தே. தேர்வும் வீட்டிலிருந்தே, சனிக்கிழமை பதினொரு மணிக்கு.

எம்.ஏ. தமிழ் முடித்து ஆறு வருஷம். இதுவரை போன நான்கு நேர்காணலிலும் சான்றிதழைவிட என் கண்ணைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். இங்கே எழுதினால் போதும்.

ஜூலை 8, செவ்வாய்

தேர்வைக் கண்காணிக்க ஒரு பிளக்-இன்னை, அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன நிரலை, போடச் சொல்லியிருந்தார்கள். போட்டேன். மாதிரித் தேர்வைத் திறந்தேன். பக்கம் முழுக்கக் கறுப்பு. எழுத்து இருக்கிறது, ஆனால் அதுவும் கறுப்பு.

என்னிடம் ஏற்கெனவே ஒரு பிளக்-இன் உண்டு. பக்கத்தைக் கறுப்பாக்கி எழுத்தை மஞ்சளாக, கட்டைவிரல் அளவுக்குக் காட்டும். பத்து வயதில் விழித்திரை போனதிலிருந்து வெள்ளைப் பக்கம் என்றால் டியூப்லைட்டை முறைத்துப் பார்ப்பதுபோல்தான். மஞ்சள் எழுத்து இருந்தால் ஒரு கமாகூடத் தப்பாது.

அதை அணைத்தால் தேர்வுப் பக்கம் நன்றாகவே வருகிறது — என்னால் படிக்க முடியாத வெள்ளையில். இரண்டையும் போட்டால் கறுப்பு. சாயங்காலம் வரை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ஜூலை 9, புதன்

பதிப்பகத்துக்கு போன் போட்டேன். தேர்வுப் பொறுப்பில் இருக்கிறவர் மருதாசலம். பொறுமையாகத்தான் கேட்டார்.

"அந்த ரெண்டு பிளக்-இன்னும் ஒண்ணுக்கொண்ணு சேராதுங்க. கூட யாராச்சும் உக்காந்து படிச்சுச் சொல்லட்டும். நாங்க அனுமதி குடுத்தர்றோம்."

"சார், இது பிழை கண்டுபிடிக்கிற தேர்வு. 'பள்ளி'ங்கிறதுல புள்ளி விட்டுப்போயிருந்தா, படிக்கிறவங்க 'பள்ளி'ன்னே படிச்சிட்டுப் போயிடுவாங்க. நான் எப்படிப் பிடிக்கிறது?"

"சனிக்கெழமைக்குள்ள வேற வழி இல்லீங்களே."

அத்தா ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். "வுடும்மா. இது இல்லன்னா இன்னொண்ணு. ஏன் கண்ணைக் கெடுத்துக்கினு இருக்க?"

எனக்குள் கேட்டுக்கொண்டேன்: எத்தினி இன்னொண்ணு? ஆறு வருஷமா இன்னொண்ணு இன்னொண்ணுன்னுதானே போவுது? கண்ணால போனா சரின்னு விடலாம். ஒரு பிளக்-இன்னால போறதுக்கா நான் படிச்சேன்?

சேராது என்று மருதாசலத்துக்கு யார் சொன்னது? அவர் சோதித்துப் பார்த்தாரா?

ஜூலை 10, வியாழன்

சேரும்!

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். என் பிரவுசரில் மொத்தம் ஏழு பிளக்-இன்கள். எல்லாவற்றையும் அணைத்தேன். தேர்வுக்கானதை மட்டும் போட்டேன்: வெள்ளைப் பக்கம். கூடவே என் மஞ்சள் எழுத்தைப் போட்டேன். வந்தது. கறுப்பில் மஞ்சளாக, 'கேள்வி 1' என்று. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். விளம்பரம் தடுப்பது — ஒன்றும் ஆகவில்லை. அகராதி — ஆகவில்லை. தமிழ்த் தட்டச்சு பிளக்-இன் — பக்கம் செத்தது. எடுத்தேன், உயிர் வந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் அதேதான். இரண்டிரண்டாக இருந்தால் சமாதானம், மூன்றும் சேர்ந்தால்தான் சண்டை.

ஆனால் தமிழில் தட்டாமல் எப்படித் திருத்துவது? கம்ப்யூட்டரோடு வந்த தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. அது பிரவுசருக்கு வெளியே இயங்குவதால் யாரோடும் மோதவில்லை. எனக்குத்தான் அது தெரியாது. இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைத்தே பழகிய கை.

நடுவில் ஒரு நாள்தான் இருக்கிறது.

கண்டுபிடித்ததை எல்லாம் மருதாசலத்துக்கு மெயிலில் எழுதிப் போட்டேன். எந்தெந்தப் பிளக்-இன், என்ன வரிசை, என்ன நடந்தது, எப்படிச் சரி செய்வது.

ஜூலை 11, வெள்ளி

இடது கைக்கு உயிரெழுத்து, வலது கைக்கு மெய். காலையில் நிமிஷத்துக்கு நாலு வார்த்தை. சாயங்காலம் மக்ரிப் தொழுகைக்கு முன் பதினெட்டு. அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டது. "கையை எடுக்காத, நீ அடி," என்றது.

ஜூலை 12, சனி

எழுதிவிட்டேன்.

பக்கம் ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. வேறொன்று வந்தது. நான் திரைக்கு அருகே குனிந்தால் முகம் கேமராவில் தெரியவில்லையாம். 'முதல் எச்சரிக்கை' என்றது. அடுத்த கேள்வியில் இரண்டாவது. மூன்று வந்தால் தேர்வு ரத்து. எழுத்தை இன்னும் பெரிதாக்கினேன், ஒரு வரிக்கு இரண்டே வார்த்தை வருகிற மாதிரி. முதுகை நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து, அப்படியே இரண்டு மணி நேரம். மூன்றாவது எச்சரிக்கை வரவில்லை.

நாற்பது பிழை இருக்கிறது என்று கேள்வித்தாளில் போட்டிருந்தார்கள். நான் நாற்பத்தொன்று திருத்தினேன். கூடுதலான ஒன்று பிழையா, என் அவசரமா? தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

மருதாசலம் கூப்பிட்டார். என்னைப் போலவே பக்கம் கறுத்துப்போனதாக இன்னும் நாலு பேர் சொன்னார்களாம். கண் நன்றாக இருப்பவர்கள்தான், கண் கூசாமல் இருக்கக் கறுப்புப் பின்னணி வைத்துக்கொள்கிறவர்கள். என் மெயிலை அப்படியே அவர்களுக்கு அனுப்பியிருக்கிறார். நாலு பேரும் எழுதிவிட்டார்கள்.

"சேராதுன்னு நான் பாக்காமயே சொல்லிப்போட்டேனுங்க. தப்புத்தான்."

அந்த நாலு பேரும் இதே வேலைக்குத்தான் போட்டி. பரவாயில்லை. நன்றாக எழுதியிருக்கட்டும்.

ஜூலை 18, வெள்ளி

கிடைத்துவிட்டது. நாற்பத்தொன்றாவதும் பிழைதான். கேள்வித்தாள் தயாரித்தவர்களுக்கே தெரியாமல் விழுந்த பிழை.

அம்மா அழுதது. அத்தா வண்டியை எடுத்துக்கொண்டு மெயின் பஜாருக்குப் போய், கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வந்தார்.

ஆகஸ்ட் 20, புதன்

மூன்றாம் வகுப்பு அறிவியல், ஐந்தாவது பாடம். பதினோரு பிழை. படத்தில் தும்பிக்கு எட்டுக் கால் போட்டிருக்கிறார்கள், அதையும் எழுதி அனுப்பினேன்.

பத்தரைக்குப் பக்கத்து குவார்ட்டர்ஸ் அகிலா அக்கா என்னோடு பேச்சுக் கொடுக்க வந்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்து படுத்திருந்த அத்தா எழுந்துபோய், வாசலிலேயே தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஃபௌசியா டூட்டில இருக்கும்மா. ஒரு மணிக்கு மேல வாயேன்."