டில்ஷா எழுதிய சோதனை

8 பெப்ரவரி 2024, வியாழன்

மனைவி பேர்ள் துப்புரவு வேலைக்குப் போய்விட்டதால் இன்று இலவச உணவுப் பெட்டி எடுக்க நான் போனேன். தேவாலய மண்டபத்தில் வரிசை கார் நிறுத்துமிடம் வரை நின்றது. தெரிந்த முகம் ஒன்றுமில்லை, ஆண்டவருக்குத் தோத்திரம். பருப்பு, டின் மீன், பாஸ்தா, கரட்.

வாசலருகில் சமூகக் கல்லூரிக்காரர் ஒரு மேசை போட்டிருந்தார்கள். அதில் இருந்த பெண் நாகலட்சுமி, கோயம்புத்தூர்க்காரி.

“அண்ணா, தமிழா? முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?”

பதினான்கு வருடம் இறைச்சித் தொழிற்சாலை, பிறகு முதுகு போனது, இரண்டு வருடமாக வீடு என்று சொன்னேன். முதியோரைப் பராமரிக்கும் படிப்பு இருக்கிறதாம். வேலையில்லாமல் அரச உதவித்தொகையில் இருப்பவர்களுக்கு இலவசம். வேலை தேடவும் அவளே உதவுவாளாம்.

“தூக்குறதுக்கெல்லாம் மெஷின் இருக்குண்ணா. டாக்டர் லெட்டர் மட்டும் வாங்கிட்டு வாங்க. வயசான ஆம்பளைங்க, ஆம்பளை ஆள் வந்தா நல்லாருக்கும்னு கேக்குறாங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

9 பெப்ரவரி

ஆம்பிளை போய் ஆக்களைக் குளிப்பாட்டுவதா என்று பேர்ளிடம் கேட்டேன். “உங்கட ஐயாவைக் கடைசி வரைக்கும் குளிப்பாட்டினது ஆர்?” என்றாள். நான்தான். டாக்டரிடம் லெட்டருக்கு நேரம் எடுத்தேன்.

17 பெப்ரவரி, சனி

டாக்டர் லெட்டர் கிடைத்துவிட்டது. கல்லூரியில் சேர முதலில் ஒரு சோதனை, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம். ஆங்கிலத்தில் வாசிப்பும் எழுத்தும்.

எனக்கு ஆங்கிலம் கதைக்க வரும், தொழிற்சாலையில் பழகியது. வாசிக்க வராது. மன்னாரில் எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்தோம், பள்ளிக்கூடம் அதோடு சரி. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து படிவம் என்றால் மகளின் கைக்குத்தான் போகும். டில்ஷா இப்போது பதினோராம் வகுப்பு.

பத்து நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். “அப்பா, மூவ்” என்று கதிரையை இழுத்து இருந்து, நாற்பது நிமிடத்தில் எழுதி முடித்தாள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அதுதான் என் பங்கு.

26 பெப்ரவரி

இடம் கிடைத்துவிட்டது.

12 மார்ச், செவ்வாய்

வகுப்பில் பதினாறு பேர். ஆண்கள் இரண்டு பேர்தான். கட்டில் விரிக்கிறது, சக்கர நாற்காலி, தூக்கும் மெஷின் எல்லாம் எனக்குச் சுகமாக வருகிறது. கிறிஸ்துநாயகம் என்று சொல்ல நாக்குப் புரளாமல் ஆசிரியை லோர்னா என்னைக் ‘கிறிஸ்’ என்கிறா. பிலிப்பைன்ஸ்காரி, இருபது வருடம் நேர்ஸாக இருந்தவ. “நல்ல கை உனக்கு” என்றா. தருகிற தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து டில்ஷாவைக் கொண்டு வாசிப்பித்துப் பாடமாக்குகிறேன். இப்படியே ஓட்டிவிடலாம்.

20 மார்ச், புதன்

இன்று பயிற்சி அறையில் ஆளுக்கொரு பொம்மையைக் கட்டிலில் கிடத்தித் தந்தார்கள். தலைமாட்டில் ஆங்கிலத்தில் ஒரு அட்டை, பொம்மைக்குப் பொம்மை வேறு. அதை வாசித்து அதன்படி மதியச் சாப்பாடு கொடுக்க வேண்டும். மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். தலையை உயர்த்தி, நாடியைத் தாங்கி, கிளாசில் தண்ணீர் பருக்கினேன்.

லோர்னா வந்து அட்டையில் விரலை வைத்தா. இந்த ஆளுக்கு விழுங்கக் கஷ்டம், குடிக்கிறது எல்லாம் கூழ்போலத் தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும், வெறுந்தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்ததாம்.

“நல்ல வேளை, இது பொம்மை. அடுத்த முறை நேரம் எடுத்து வாசி, கிறிஸ்.”

கவனக்குறைவு என்று நினைத்திருக்கிறா. நேரம் எடுத்தா மட்டும் வாசிப்பு வந்திடுமோ? எனக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாதெண்டு ஆருக்கும் தெரியாது. மே மாசம் பயிற்சிக்கு உண்மையான ஆக்களிட்டை அனுப்பப் போயினம். உண்மையான ஆக்கள் — மூச்சு விடுற ஆக்கள்.

21 மார்ச்

வீட்டில் சொன்னேன், நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று.

“வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ,” என்றாள் பேர்ள். “ரெண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு வழி திறந்திருக்கு. வாசிக்கிறதை மெல்ல மெல்லப் பழகலாம்.”

டில்ஷா அறையிலிருந்து ஓடிவந்தாள். “அப்பா, ப்ளீஸ். நான்தானே எழுதினனான். வில் ஐ கெட் இன் ட்ரபிள்?”

உன்னைக் கொண்டு எழுதுவித்தது நான், குற்றம் எனக்குத்தான் என்றேன். அவள் அழத் தொடங்கினாள். எந்தத் தகப்பன் பிள்ளையைக் களவுக்குக் கூட்டுச் சேர்ப்பான்? நான் சேர்த்தனான்.

22 மார்ச், வெள்ளி

முதலில் நாகலட்சுமியிடம் போய்ச் சொன்னேன். பேனாவை மேசையில் வைத்தாள்.

“யாருக்கும் தெரியலையே. இப்ப ஏன்ணா சொல்றீங்க?”

“ஆரையாவது கொன்றுபோடுவன் தங்கச்சி. அதுதான்.”

இருவருமாக லோர்னாவிடம் போனோம். அவவுக்குக் கோபம். நியாயமான கோபம். “இத்தனை நாளாக என் முன்னால் நின்று தலையாட்டினாய்” என்றா. படிப்பு போய்விட்டது. ஆனால் முறைப்பாடு எழுதவில்லை. ஒழுங்காக வாசிக்கப் படித்தால் அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றா. அதே கல்லூரியில் கிழமைக்கு மூன்று நாள் காலையில், ஆங்கிலம் வாசிக்கப் பழக்கும் எழுத்து வகுப்பு இருக்கிறது.

படிப்போ வேலை தேடலோ இல்லாவிட்டால் உதவித்தொகையை நிறுத்துகிற அலுவலகத்துக்கு நாகலட்சுமி என் முன்னாலேயே ஃபோன் எடுத்தாள். அரை மணித்தியாலம் வாதாடினாள். கடைசியில், எழுத்து வகுப்பையும் கணக்கில் எடுப்பதாகச் சொன்னார்கள்.

4 ஏப்ரல்

எழுத்து வகுப்பு. பக்கத்தில் சூடான் நாட்டு அம்மா ஒருவர். இருவருமாக மருந்துப் போத்தல் லேபிள் வாசித்தோம். அவ என்னைவிடக் கெட்டிக்காரி.

10 ஏப்ரல்

பேர்ள் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

19 ஓகஸ்ட், திங்கள்

டில்ஷாவின் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம். ஒருவரையும் கேட்காமல் நானே வாசித்தேன். இரண்டு சொல்லுக்கு மட்டும் அகராதி. இந்த மாதம் ஐந்து நாள் பிந்திப் போயிருக்கிறாளாம்! கேட்டதற்கு, “முந்தி வாசிக்கத் தெரியாமலே நல்லா இருந்தனீங்கள், அப்பா” என்றாள். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த பேர்ள் சிரித்த சத்தம் கேட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு.

28 ஜனவரி 2025, செவ்வாய்

கல்லூரி அறையில் தனியே இருந்து சோதனை எழுதினேன். டில்ஷா நாற்பது நிமிடத்தில் முடித்த சோதனைக்கு எனக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. பின்னேரம் நாகலட்சுமி ஃபோன் எடுத்தாள். “மயிரிழையில பாஸ் அண்ணா. ஆனா பாஸ் பாஸ்தான்.”

11 பெப்ரவரி

வகுப்பில் லோர்னா பெயர் கூப்பிட்டா. என் பெயர் வந்ததும் நிமிர்ந்து பார்த்தா. “வந்திட்டியா” என்றா. அவ்வளவுதான்.

3 செப்டெம்பர், புதன்

முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து இது மூன்றாவது கிழமை. நாகலட்சுமிதான் நேர்முகத்துக்கு ஒழுங்கு செய்தவள்.

கெவின் என்ற பெரியவர் மதியம் கரண்டியைத் தட்டிவிட்டார். பிடிவாதம், விட்டுவிடு என்றாள் கூட வேலை செய்கிறவள். நான் பக்கத்தில் இருந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பிறகு பதிவில் ஆங்கிலத்தில் எழுதினேன். கெவின் மதியம் சாப்பிடவில்லை. வாய் நோகுது என்கிறார். இடப்பக்கக் கீழ்ப் பல் முரசு சிவந்து வீங்கியிருக்கிறது.

ஷிஃப்ட் முடியும்போது நேர்ஸ் அதை வாசித்தா. நான் கதவடியில் பையோடு நின்றேன். வாசித்து முடித்துப் பல் வைத்தியருக்கு ஃபோன் எடுத்தா. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.