வெள்ளை ஆவாரம்பூ

7.9.1999, செவ்வாய்

ஆவாரம்பூக் கஷாயம் குடித்தால் சர்க்கரை மாத்திரையே வேண்டாம் என்று வீட்டுக்காரர் இன்டர்நெட் கடையிலிருந்து ஆங்கிலத்தில் ஐந்து தாள் அச்செடுத்து வந்திருக்கிறார். அதை நம்பி மூன்று நாளாக மாத்திரை போடவில்லையாம். இன்றுதான் சொல்கிறார்.

"அஞ்சு பேரு எழுதியிருக்கான். அஞ்சு பேருமா பொய் சொல்லுதான்?"

அகராதியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாசித்தேன். ஐந்திலும் பூ வெள்ளை என்றே இருக்கிறது. சாத்தான்குளம் சாலை நெடுக மஞ்சளாகவல்லவா பூத்துக் கிடக்கிறது!

"அஞ்சு பேரு இல்லங்க. பூவையே பாக்காத ஒருத்தன் எழுதினத மத்த நாலு பேரும் காப்பியடிச்சிருக்கான்."

"பெரிய டாக்டரம்மா வந்துட்டா!" என்றார். ஆனாலும் மாத்திரையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

முருகா, விழுங்கினாரா? தண்ணீர்ச் செம்பு நான் வைத்தபடியே நிறைந்திருக்கிறது.